நான்தான் அந்த பட்டன்

அன்றைக்கு அந்த அறையில் யார் யார் இருந்தார்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாளைக்கு யாரும் "நான் அங்கே இல்லையே" என்று சொல்லக் கூடாது.

கம்பெனியை ஆரம்பித்த பிரவீன். வெப்சைட்டை எழுதிய நிவேதா. அந்தக் கம்பெனியில் பணம் போடலாமா என்று பார்க்கக் கோயம்புத்தூரிலிருந்து காரில் வந்திருந்த ஒரு பெரியவர். பிளைவுட் தடுப்புக்குப் பின்னால், டீ போடும் மேடையை ஒட்டிய ஸ்டூலில், மடியில் போனை வைத்துக்கொண்டு நான். கடைசியாக, வாசலில் செருப்பைக் கழற்றாமல் நின்ற சின்னச்சாமி அண்ணன். அவரை யாரும் கூப்பிடவில்லை.

ஐந்து பேர். நான்கு பேருக்கு அந்த மாதம் எப்படியோ ஓடிவிடும். ஐந்தாவது ஆளுக்கு மட்டும், தென்னை மரம் ஏறிய கூலி வரவில்லை. அதைக் கேட்கத்தான் வந்திருந்தார்.

பிரியாணிக் கடைக்கு மேலே

சென்ற வாரம் இந்தத் தொடரில் நூல் மில்லை விட்டு வந்ததோடு நிறுத்தியிருந்தேன். "அப்புறம் என்ன வேலைக்குப் போனீர்கள்?" என்று ஒட்டன்சத்திரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். இதுதான் அந்த வேலை.

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம். கீழே பிரியாணிக் கடை, மேலே ஆபீஸ். முற்பகலில் கீழே அண்டாவைத் திறந்தார்கள் என்றால் மேலே கம்ப்யூட்டர் திரைகூட நெய் வாசம் அடிக்கும். நான் கொண்டுபோன தயிர்சாதத்தை அந்த வாசத்தோடு சாப்பிடுவதற்குத் தனி மனவலிமை வேண்டும்.

"எட்டாவதுதான் படிச்சிருக்கேன் தம்பி" என்று முதல் நாளே பிரவீனிடம் சொல்லிவிட்டேன். பின்னால் தெரிந்து வேலையை விட்டு எடுத்துவிட்டால் என்ன செய்வது?

"போன் எடுக்கத்தானேக்கா. எட்டாவது தாராளம்" என்றார்.

எட்டாவதோடு என்னை யாரும் நிறுத்தவில்லை. வீட்டில் வசதி குறைவுதான், ஆனால் படிக்கவைத்திருப்பார்கள். கணக்குப் பரீட்சை என்றால் எனக்கு முந்தின வாரமே பயம் பிடித்துக்கொள்ளும். பேனா எழுதாமல் போய்விடுமோ, பஸ் வராமல் போய்விடுமோ, கேள்வித்தாள் எனக்கு மட்டும் மாறி வந்துவிடுமோ. ஒரு வருடம் பரீட்சையன்று பள்ளிக்கூடத்து கேட் வரை போய்த் திரும்பி வந்தேன். அப்படியே நின்றுபோனது. இன்றும் வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்க்காமல் தெருவில் இறங்க மாட்டேன். இப்படிப்பட்டவளிடம்தான் ஒரு கம்பெனியின் போனைக் கொடுத்தார்கள்.

கம்பெனி செய்தது நல்ல காரியம்தான். சாணார்பட்டி, வடமதுரைப் பக்கம் தோப்பு வைத்திருப்பவர்களுக்குத் தேங்காய் வெட்ட ஆள் கிடைப்பது பெரும்பாடு. வெப்சைட்டைத் திறந்து 'ஆள் அனுப்பு' என்ற பச்சை பட்டனை அழுத்தினால், செத்த நேரத்தில் மரம் ஏறுகிறவரின் பெயரும் வருகிற நேரமும் செய்தியாக வந்துவிடும். தோப்புக்காரர்கள் அசந்துபோனார்கள்.

பட்டனுக்குப் பின்னால் இருந்தது நான்.

எம்.வி.பி.

இந்த மூன்றெழுத்தை முதலில் கேட்டபோது ஏதோ பஸ் கம்பெனியின் பெயர் என்று நினைத்தேன். பிரவீன் பொறுமையாகத்தான் விளக்கினார்.

"முழுசாக் கட்டி முடிச்சிட்டு வெளிய விடக் கூடாதுக்கா. ஓடுற அளவுக்கு மட்டும் கட்டி, ஜனங்க கையில குடுத்துப் பாக்கணும். அவங்க என்ன கேக்குறாங்களோ அத வச்சு மிச்சத்தக் கட்டணும். மொத வெர்ஷன்ல எல்லாம் இருக்காது."

"இப்ப இதுல என்ன இல்ல தம்பி?"

"ஆளத் தேடிப் புடிக்கிற சாஃப்ட்வேர் இல்ல. இப்போதைக்கு நீங்கதான் சாஃப்ட்வேர்."

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வீட்டில் போய்ச் சொன்னபோது என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஒனக்கு எப்பச் சார்ஜ் போடுவாய்ங்க?" என்று கேட்டார்.

தோப்புக்காரர் அங்கே அழுத்தினால் இங்கே என் போன் அதிரும். நான் ஒவ்வொரு ஆளாகக் கூப்பிட்டு, யார் வருகிறார் என்று கேட்டு, பெயரையும் நேரத்தையும் தட்டி அனுப்புவேன். கம்ப்யூட்டர் எழுதினால் எப்படி இருக்குமோ அப்படி எழுதச் சொல்லியிருந்தார்கள். 'வணக்கம்ணே' என்று போட்டுவிட்டு ஒருமுறை திட்டு வாங்கினேன். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் நற்கருணை அப்பம் வாங்க வரிசையில் நிற்கும்போது கைப்பையில் அது அதிரும். நாற்பது மரம், வடமதுரைக்கு மேற்கே, அவசரம். ஆண்டவரை நாக்கில் வாங்கிக்கொண்டு நேரே வாசலுக்கு ஓடியிருக்கிறேன்.

இந்த முறையை நான் குறை சொல்லவில்லை. ஜாக்கெட் தைக்கிறவர்கூட முதலில் ஓட்டுத்தையல் போட்டு உடுத்திப் பார்க்கச் சொல்கிறார். சின்னதாகச் செய்து பார்த்துவிட்டுப் பெரிதாகச் செய்வது புத்திசாலித்தனம். கையில் காசு குறைவாக இருக்கிறவர்கள் வேறு எப்படிச் செய்ய முடியும்?

எனக்குப் பற்றிக்கொண்டு வருவது வேறு விஷயத்தில். முதல் வெர்ஷனில் எது இருக்கும், எது அப்புறம் என்று அவர்கள் பிரித்தார்கள் பாருங்கள், அதில்.

மஞ்சள் சீட்டு

திங்கட்கிழமை காலையில் நின்றுகொண்டே மீட்டிங். உட்கார்ந்தால் பேச்சு நீளுமாம். சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. 'செய்யணும்', 'செய்றோம்', 'முடிஞ்சது' என்று மூன்று கோடு. ஒவ்வொரு வேலையையும் ஒரு மஞ்சள் சீட்டில் எழுதி ஒட்டி, நடக்க நடக்க இடம் மாற்றுவார்கள். யார் வேண்டுமானாலும் பேசலாம், யாருக்கும் பயப்பட வேண்டாம், நாம் ஒரு டீம் என்று பிரவீன் சொல்வார்.

'நாம்' என்ற சொல்லை அந்த மாடியில் கேட்ட அளவுக்கு நான் வேறெங்கும் கேட்டதில்லை. நாம வளர்றோம். நாம ஜெயிக்கிறோம். கூலி கேட்டு போன் வந்தால் மட்டும், "அக்கா, நீங்க பேசிச் சமாளிங்க."

தோப்புக்காரர்களிடம் காசு வாங்குகிற வசதி முதல் நாளிலிருந்தே வேலை செய்தது. ஸ்கேன் பண்ணினால் கம்பெனிக் கணக்கில் டிங் என்று விழும். ஒரு நாளும் அது பழுதானதில்லை. மரம் ஏறியவருக்கு அந்தக் காசைப் பிரித்து அனுப்புகிற வசதிதான் 'செய்யணும்' கோட்டுக்குக் கீழே மஞ்சள் சீட்டாகத் தொங்கியது. அதுவரை பிரவீன் வாரம் ஒருமுறை கையால் அனுப்புவதாகப் பேச்சு. முதலில் அனுப்பினார். பிறகு ஆபீஸ் வாடகை வந்தது, விளம்பரச் செலவு வந்தது. கூலி அடுத்த வாரத்துக்குத் தள்ளிப்போனது. அந்த அடுத்த வாரமும் அதற்கடுத்த வாரத்துக்குப் போனது.

ஒரு திங்கட்கிழமை நான் வாயைத் திறந்தேன். டீ டம்ளரை மேடையில் வைத்துவிட்டுத்தான் பேசினேன்.

"தம்பி, ஆளுங்களுக்குக் காசு போகல. தெனம் என்னையத்தான் கேக்குறாங்க."

"வரும்க்கா. அது ரெண்டாவது வெர்ஷன்."

"வயிறு மொத வெர்ஷன்லயே இருக்கே தம்பி."

நிவேதா களுக்கென்று சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டது. பிரவீனும் கோபப்படவில்லை. அவர் கோபப்படுகிற ஆளே இல்லை, அதுதான் கஷ்டம். "மொதத் தோசை கல்லுல ஒட்டத்தான் செய்யும்க்கா" என்றார்.

"ஒட்டுன தோசைய யாரு திங்கிறது?"

நான் சொன்னதை யாரும் சீட்டில் எழுதவில்லை. அந்த வாரம் நிவேதாவுக்கு வேறு வேலை கொடுக்கப்பட்டது. மரம் ஏறுகிறவர்களுக்குத் தோப்புக்காரர்கள் ஸ்டார் போடுகிற வசதி. ஒன்றிலிருந்து ஐந்து வரை. "காசு அனுப்புறத நான் ரெண்டே நாள்ல முடிச்சிருவேன்க்கா. ஸ்டாரு பாக்க நல்லாருக்கும், அத மொதல்ல முடின்னுட்டாரு" என்று நிவேதா என்னிடம் தணிந்த குரலில் சொன்னது. அதையும் மீட்டிங்கில் சொல்லவில்லை. யாருக்கும் பயப்பட வேண்டாம் என்று சொன்ன அதே மீட்டிங்.

குரலை நம்பி ஏறியவர்

சின்னச்சாமி அண்ணனுக்கு சாணார்பட்டி தாண்டி ஒரு ஊர். நான் கூப்பிட்டால் மறுபேச்சு பேசாமல் வருகிற ஆள். ஒருமுறைகூட நேரில் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான். போனை எடுத்ததும், "மெஷினு பேசுதா, மேரித்தங்கச்சி பேசுதா?" என்பார். மரம் ஏறுகிற இரும்பு மெஷினை மொபெட்டுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு தோப்பு தோப்பாகப் போவார். அந்த மொபெட் தவணையில் வாங்கியது.

"தங்கச்சி, போன மாச டியூ கட்டல. இந்த மாசமும் தவறுனா வண்டியத் தூக்கிருவாய்ங்க. வண்டி இல்லாம மெஷினத் தலையிலயா வச்சுட்டுப் போக?"

"வந்துரும்ணே. நாளைக்கு ஒரு தோப்பு இருக்கு, போயிருங்க."

"நீ சொல்றன்னுதான் போறேன்."

இப்படி எத்தனை தடவை. நான் பொய் சொல்லவில்லை. எனக்குச் சொல்லப்பட்டதைத்தான் சொன்னேன். ஆனால் அவர் காதில் விழுந்தது பிரவீன் குரலா? என் குரல்.

மில்லில் இருந்தபோது ஒரு தடவை புதிதாக நூல் சுற்றுகிற மெஷின் இறக்கினார்கள். சோதனை ஓட்டத்துக்கு எங்களில் ஆறேழு பேரை நிறுத்தினார்கள். ஒரே அறுப்பு. முழு ஷிப்டும் அறுந்த நூலை முடிந்துகொண்டே நின்றோம். விற்கிற மாதிரி ஒரு கோன்கூட வரவில்லை. சம்பளத்தில் பிடித்துவிடுவார்கள் என்று நான் இரண்டு நாள் சாப்பிடவே இல்லை. முழுக் கூலியும் வந்தது. மில்காரர்கள் தங்கமானவர்கள் என்று நான் சொல்ல வரவில்லை, அவர்கள் செய்ததைத்தான் போன மூன்று வாரமும் எழுதினேன். அவர்களுக்கே தெரிந்திருந்தது: சோதனை மெஷினுக்குத்தான், நின்றவளுடைய கால்வலி சோதனை இல்லை.

நாலு நிமிஷம்

கோயம்புத்தூர்ப் பெரியவர் வந்த நாள். அவர் பாதி பிரியாணிக்காகத்தான் வந்தார் என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. பிரவீன் காலையிலேயே என்னைத் தடுப்புக்குப் பின்னால் உட்காரவைத்துவிட்டார். "சத்தம் மட்டும் வரக் கூடாதுக்கா. நீங்க இருக்கறதே தெரியக் கூடாது."

இருமல் வந்துவிடுமோ என்று பனங்கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டேன்.

பிரவீன் திரையில் படம் காட்டிப் பேசி முடித்ததும், பெரியவர் கேட்டார்: "ஏனுங்க தம்பி, நம்ம சகலை தோப்பு சாணார்பட்டிப் பக்கந்தானுங்க. நெசமாலுமே ஒண்ணு போட்டுப் பாக்கலாமுங்களா?"

"தாராளமா சார். நாலே நிமிஷம். பக்கத்துல யாரு ஃப்ரீயா இருக்காங்கன்னு நம்ம அல்காரிதம் தேடிக் குடுத்துரும்."

அவர் அழுத்தினார். என் மடி அதிர்ந்தது.

நான் முதலில் கூப்பிட்ட ஆள் எடுக்கவில்லை. இரண்டாமவர் கல்யாண வீட்டில் இருந்தார், மேளச் சத்தத்தில் நான் பேசியது அவருக்குக் கேட்கவில்லை, நான் கத்தவும் முடியாது. சாணார்பட்டிப் பக்கம் பாக்கி இருந்தது சின்னச்சாமி அண்ணன்தான். எந்த முகத்தோடு கூப்பிடுவது? கூப்பிட்டேன்.

"அண்ணே, ஒங்க ஊருப் பக்கம் ஒரு தோப்பு. நாளைக்குப் போக முடியுமா?"

"ஏன் தங்கச்சி ரகசியம் பேசுற? கோயில்ல இருக்கியா?"

"ஆபீஸ்லண்ணே."

"நானும் அங்கதான் இருக்கேன். கீழ பிரியாணிக் கடை வாசல். நான் மேல வரட்டா, நீ எறங்கி வாரியா?"

"செத்த நேரம் பொறுங்கண்ணே" என்றேன்.

"செத்த நேரம், செத்த நேரம்னு சொல்லியே அம்புட்டுத் தோப்பையும் ஏத்திட்ட. காலையில பைனான்ஸ்காரன் வீட்டு வாசல்ல வந்து நின்னுட்டான். நான் வாரேன்."

மாடிப்படியில் செருப்புச் சத்தம். தடுப்புக்கு அந்தப் பக்கம், "தேடிட்டு இருக்கு சார், இப்ப வந்துரும்" என்று பிரவீன். அவருடைய அல்காரிதம் டீ மேடைக்குப் பக்கத்தில் வேர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

கதவைத் தள்ளிக்கொண்டு அண்ணன் வந்துவிட்டார்.

"யாருங்க நீங்க?" என்றார் பெரியவர்.

"சின்னச்சாமிங்கய்யா. தேங்கா வெட்டுறவன். இந்தத் தம்பி கம்பெனிக்குத்தான் ஏறுறேன். எனக்கு அஞ்சு ஸ்டாரு போட்டிருக்காங்க. கூலிதான் போடல."

பிரவீன் எழுந்து வந்தார். "அண்ணே, கீழ இருங்க, நான் வாரேன்."

"கீழதான் காலையிலருந்து நிக்கிறேன் தம்பி. வாசத்துலயே பாதி வயிறு ரொம்பிருச்சு. ஸ்டார வச்சு வண்டிக்கு டியூ கட்ட முடியுமான்னு கேட்டுச் சொல்லுங்க, போயிர்றேன்."

நான் ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. நாலு பேர் முன்னால் பேசியே பழகாதவள். எழுந்து, தடுப்பைச் சுற்றி, போனைக் கையில் பிடித்தபடி வெளியே வந்து நின்றேன்.

"நீங்க யாருங்கம்மா?"

"நான்தாங்கய்யா அந்த பட்டன்."

அவருக்குப் புரியவில்லை. "நீங்க அழுத்துனா என் போன் அடிக்கும். நான் இவரக் கூப்பிடுவேன். கம்ப்யூட்டரு ஒண்ணும் தேடலைங்க. இவருக்கு வாரக் கணக்குல காசு போகலைங்க" என்றேன். கற்கண்டு வாய்க்குள் ஒரு பக்கமாக ஒதுங்கியிருந்தது.

பெரியவர் நிவேதாவைப் பார்த்தார். அது திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல், "ஆமா சார்" என்றது.

கைதட்டல்

அவர் எழுந்து போய்விடுவார், எல்லாம் முடிந்தது, என் வேலையும் முடிந்தது என்று நினைத்தேன்.

அவர் கைதட்டினார்.

"பலே! இப்படித்தானுங்க ஆரம்பிக்கோணும். கையில செஞ்சு பாத்துப்போட்டு அப்புறந்தான் மெஷின் கட்டோணும். லட்சக்கணக்குல கொட்டிக் கட்டிப்போட்டு ஆளில்லாம ஈ ஓட்டறவனத்தான் நான் தெனமும் பாக்கறேன்."

பிரவீன் முகத்துக்கு ரத்தம் திரும்பியது. "அதான் சார் எங்க ஸ்ட்ராட்டஜியே."

நாலு நிமிஷத்துக்கு முன்னால் அல்காரிதமாக இருந்தவள் ஸ்ட்ராட்டஜி ஆகிவிட்டேன். பொய் சொன்னதைப் பற்றி அங்கே யாருக்கும் கோபம் இல்லை. கூலி கேட்டு ஒருவர் நிற்பதைப் பார்த்தும் கோபம் இல்லை. "அவருக்குண்டானதக் கொடுத்துப்போடுங்க தம்பி" என்று பெரியவர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னார். பிரவீன் அங்கேயே போனை எடுத்து மூவாயிரம் அனுப்பி, அனுப்பியதைப் பெரியவருக்குக் காட்டினார். "மிச்சம் திங்கக்கிழமைண்ணே." பிறகு இரண்டு பேரும் கீழே சாப்பிடப் போனார்கள்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "கொரலக் கேட்டு ஒல்லியா இருப்பேன்னு நெனச்சேன் தங்கச்சி" என்றார். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

திங்கட்கிழமை வந்தது. மிச்சம் வரவில்லை. மூவாயிரம் ஒரு தவணைக்குத்தான் காணும், நின்றிருந்தது இரண்டு. வண்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் கூப்பிட்ட ஒவ்வொரு ஆளிடமும் ஒரு வார்த்தை கூடச் சொன்னேன்: "தோப்புக்காரர்ட்டக் கையில காச வாங்கிட்டு ஏறுங்க." தோப்புக்காரர்களுக்கும் அதில் ஆட்சேபம் இல்லை. டிங் சத்தம் குறைந்தது. அப்போதுதான் பிரவீனுக்குக் கோபம் வந்து பார்த்தேன்.

"சிஸ்டத்த பைபாஸ் பண்றீங்கக்கா நீங்க!"

"நான்தானே தம்பி சிஸ்டம்."

அன்றோடு என் வேலை முடிந்தது. போனை மேடைமேல் வைத்துவிட்டு வீட்டுக்கு வடமதுரை பஸ் ஏறினேன். சமையல் கேஸை மூடினேனா என்ற கவலைகூட வரவில்லை, அவ்வளவு கொதிப்பு.

பெரியவர் பணம் போட்டார். இரண்டாவது வெர்ஷன் வந்துவிட்டது. கம்பெனி பெயரை எழுதக் கூடாது என்று பத்திரிகை ஆசிரியர் சொல்லியிருக்கிறார், எழுதவில்லை. இப்போது பட்டனை அழுத்தினால் கண்மூடித் திறப்பதற்குள் பதில் வருகிறது. அண்மையில் நிவேதா போன் பண்ணியது. "அக்கா, காசு அனுப்புறது முடிஞ்சிருச்சு. இப்பல்லாம் ஏறுன அன்னைக்கே போயிருது" என்றது. பெருமையாகத்தான் சொன்னது. நல்ல பிள்ளை.

"பழைய பாக்கி?"

"பழைய டேட்டாவ இதுக்குக் கொண்டு வரலக்கா. மொத வெர்ஷன மூடிட்டாங்க. அதுல யாரு யாருக்கு எவ்வளவுன்னு இப்ப எங்கயும் இல்ல."

மூடிவிட்டார்களாம். அதில் தோப்புக்காரர்கள் கொடுத்த காசு மூடிய வெர்ஷனில் இருந்து திறந்த வெர்ஷனுக்கு ஒரு பைசா குறையாமல் வந்து சேர்ந்திருக்கிறது. ஏறியவன் கணக்கு மட்டும் வழியில் தொலைந்துவிட்டது. இதை ஒரு தப்பு என்றுகூட யாரும் அங்கே நினைக்கவில்லை. பலகையில் 'முடிஞ்சது' கோட்டில் ஒட்டியிருப்பார்கள்.

சின்னச்சாமி அண்ணன் இப்போது டவுன் பஸ்ஸில்தான் தோப்புக்குப் போகிறார். மரம் ஏறுகிற மெஷினுக்குக் கண்டக்டர் லக்கேஜ் டிக்கெட் கேட்கிறார். போன வாரமும் என்னிடம் பேசினார், பாக்கியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் கேட்காவிட்டாலும், அந்தக் கம்பெனியில் எங்கும் இல்லாவிட்டாலும், இந்தப் பத்திரிகையில் இருக்கட்டும். நான் அனுப்பிய தோப்புகளை எண்ணிக் கூட்டியதில், அவருக்கு இன்னும் வர வேண்டியது எட்டாயிரத்து நானூறு ரூபாய்.